கல்லைத் தேய்க்கும் முன் ஒரு கேள்வி

மழைக்காலம் முடிந்ததும் ஒரு பழைய கல்தூணையோ மதில்சுவரையோ சற்று நின்று கவனித்துப் பாருங்கள். கூரைத் தண்ணீர் வடிந்த இடத்தில் கரும்பட்டை இருக்கும். மரநிழல் விழும் பக்கத்தில் பச்சை படர்ந்திருக்கும். வெயில் படும் மேல்பகுதியில் சாம்பல் நிற வட்டங்கள் ஒட்டியிருக்கும்.

பார்த்தவுடன் நம் வாயில் வருவது, "எவ்வளவு அழுக்கு!" என்பதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங். வெளுப்பான் நான்கு போத்தல், இரும்புக் கம்பித் தூரிகை, வாடகைக்கு எடுத்த நீர்ப்பீச்சி இயந்திரம். மாலைக்குள் கல் புதிதுபோல் ஆகிவிடும். எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நல்ல எண்ணத்தில் செய்யும் காரியம்தான். ஆனால் அந்தத் தூரிகையைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. பழைய கல்லின் மேல் இருப்பது பெரும்பாலும் வெறும் அழுக்கு அல்ல. அது உயிருள்ளது. அது எது, ஏன் அங்கே வந்தது, கல்லுக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதைக் கொல்லப் புறப்பட்டால், காப்பாற்ற நினைத்த கல்லையே இழக்க நேரிடும். உலகின் புகழ்பெற்ற தொல்லியல் தலங்கள் சில, பெரிய விலை கொடுத்து இதைக் கற்றிருக்கின்றன.

கல்லின் மேல் ஒரு குடியிருப்பு

முதலில் வந்து குடியேறுபவை பெரும்பாலும் சயனோபாக்டீரியா. நீலப்பசும்பாசி என்று பழைய பாடநூல்களில் படித்திருப்பீர்கள். இவற்றுக்கு மண் வேண்டாம். வெளிச்சம், ஈரம், காற்று, கொஞ்சம் தாது உப்பு போதும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க, இவற்றில் பல வகைகள் தம்மைச் சுற்றிக் கரும்பழுப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்கின்றன. நம் கண்ணுக்குக் 'கரி' போலத் தெரிவது பல இடங்களில் இந்த நிறமிதான். காய்ந்தால் உறங்கும். மழை பட்டால் விழித்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீர் வடியும் தடத்திலேயே கரும்பட்டை வருகிறது.

இவை வழவழப்பான ஒரு பசையைச் சுரந்து கல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. இதை உயிர்ப்படலம் என்கிறோம். காலையில் பல் துலக்கும் முன் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். அங்கே உணரும் வழவழப்பும் ஓர் உயிர்ப்படலம்தான். கல்லின் மேலுள்ள படலத்தில் தூசு ஒட்டும், ஈரம் தங்கும். பூஞ்சைகளும் மற்ற பாக்டீரியாக்களும் வந்து சேரும். பிறகு லைக்கன், பாசி, பெரணி என்று குடியிருப்பு வளரும். யாரும் கவனிக்காமல் விட்டால் கடைசியில் ஓர் அரசங்கன்றும் முளைக்கும்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுக்குடும்பம். துணைவாழ்வைப் பற்றி இடைநிலைப்பள்ளியில் பாடம் நடத்தும்போது நாங்கள் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு இது. பெயர் புதிதாகத் தோன்றினால், உங்கள் சமையலறையைப் பாருங்கள். செட்டிநாட்டுக் குழம்பிலும் பிரியாணியிலும் மணத்துக்காகப் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான்.

கேடு உண்மைதான்

இவை எல்லாமே அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. பூஞ்சைகளும் லைக்கன்களும் ஆக்சாலிக் அமிலம் போன்ற அமிலங்களைச் சுரந்து கல்லின் தாதுக்களைக் கரைக்கின்றன. லைக்கனின் நூல்போன்ற இழைகள் கல்லின் நுண்ணிய இடுக்குகளில் நுழைகின்றன. நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கி, அந்த இடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புகின்றன. வௌவால் எச்சமும் பறவை எச்சமும் சேரும் இடத்தில் வேறொரு கூட்டம் வேலை செய்கிறது. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன.

கல்லின் வகையும் முக்கியம். சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் அமிலத்துக்கு எளிதில் கரையும். கருங்கல் நின்று தாங்கும். செம்புரைக்கல் துளைகள் நிறைந்தது. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒரே நுண்ணுயிர் ஒரு கல்லில் எதிரியாகவும் இன்னொரு கல்லில் சாதாரண வாடகைக்காரராகவும் இருக்க முடியும். எல்லாக் கல்லுக்கும் ஒரே மருந்து என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

லாஸ்கோ குகை சொல்லும் கதை

பிரான்சின் தென்மேற்கில் உள்ள லாஸ்கோ குகையை 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே காளைகளும் குதிரைகளும் மான்களுமாக ஏறத்தாழ 17,000 ஆண்டு பழமையான ஓவியங்கள். இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் குகையின் காற்றும் ஈரமும் நுண்ணுயிர்களும் ஒருவகைச் சமநிலையில் இருந்திருக்கின்றன.

1948இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆயிரம் பேரின் மூச்சு, வியர்வை, உடல் வெப்பம், செருப்பு மண், அவர்களுக்காகப் போட்ட மின்விளக்கு. விளக்கும் ஈரமும் கிடைத்ததும் 1960 வாக்கில் சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963இல் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மால்ரோ குகையை மூடினார். பாசியைக் கொல்ல ஃபார்மால்டிகைடும் நோயுயிர்க்கொல்லிகளும் பயன்படுத்தப்பட்டன. பாசி மறைந்தது. அதன் பிறகும் உள்ளே போகும் சிலர், ஃபார்மால்டிகைடு கரைசலில் காலணியை நனைத்துவிட்டே போனார்கள். வேலை வெற்றி என்றுதான் அன்று தோன்றியது.

2001இல், காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் புதிய இயந்திரம் பொருத்திய காலத்தை ஒட்டி, குகைக்குள் வெள்ளைப் பூஞ்சை பஞ்சுபோல் பரவியது. அது ஃபுசேரியம் இனத்தைச் சேர்ந்தது. பல ஆண்டுகளாக ஃபார்மால்டிகைடு பழகிய சூழலில் தாக்குப்பிடிக்கும் வகை. இந்த முறை பென்சால்கோனியம் குளோரைடு என்ற வேறொரு நுண்ணுயிர்க்கொல்லி தெளிக்கப்பட்டது. தரையில் சுட்ட சுண்ணாம்பு கொட்டப்பட்டது. வெள்ளை அடங்கியது. அடுத்து வந்தது கறுப்பு. கரும்புள்ளிகளை உண்டாக்கும் வேறு பூஞ்சைகள் சுவரில் பரவத் தொடங்கின. தெளித்த மருந்து சிதையும்போது வரும் பொருள்களே, தாக்குப்பிடித்த நுண்ணுயிர்களுக்குச் சத்தாகப் போயிருக்கலாம் என்று குகையை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

இதில் புரியாத மாயம் ஒன்றும் இல்லை. நோயுயிர்க்கொல்லி மருந்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மருத்துவர் எச்சரிக்கிறாரே, அதே கணக்குதான். ஒரு கூட்டத்தைக் கொன்றால் இடம் காலியாகும். காலி இடத்துக்கு, மருந்தைத் தாங்கக்கூடியது வரும். குகை இன்றுவரை பொதுமக்களுக்கு மூடியே இருக்கிறது. பார்க்க வருபவர்களுக்காக அருகிலேயே நகல் குகைகள் கட்டியிருக்கிறார்கள். முதல் நகல் 1983இல் திறந்தது. முழுக் குகையையும் காட்டும் பெரிய நகல் 2016இல் திறந்தது.

அங்கோரில் நடந்தது

லாஸ்கோ குளிர்நாட்டுக் குகை. நம் பக்கத்து வெயிலுக்கும் மழைக்கும் அது பொருந்துமா என்று கேட்கலாம். கம்போடியாவின் அங்கோர் வாட் நம்முடைய வெப்பமண்டலத்திலேயே இருக்கிறது. உள்நாட்டுப் போரால் சீரழிந்து கிடந்த அந்தக் கோயிலைச் சீரமைக்க, 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறைக் குழு வேலை செய்தது. வேறு பலர் போகத் தயங்கிய காலத்தில் அவர்கள் போனார்கள். சரிந்த பகுதிகளைத் தூக்கி நிறுத்தினார்கள். அதை மறக்கக் கூடாது.

ஆனால் மணற்கல் சுவர்களில் இருந்த பாசியையும் லைக்கனையும் வேதிப்பொருள் கொண்டு தேய்த்து அகற்றியது அனைத்துலக அளவில் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. கல்லின் மேல்தோல் தேய்ந்துவிட்டது என்றார்கள் விமர்சகர்கள். பின்னாளில் அங்கே ஆய்வு செய்த நுண்ணுயிரியலாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். சுத்தம் செய்த பரப்புகளில் கருநிறச் சயனோபாக்டீரியா படர்ந்திருந்தது. கறுப்பு வெயிலை உறிஞ்சும் என்பது எல்லாருக்கும் தெரியும். பகலில் கல் கூடுதலாகச் சூடேறும், மழை பட்டதும் சட்டெனக் குளிரும். இந்த விரிவும் சுருக்கமும் கல்லின் மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும்.

மெதுவாக வளரும், வெளிர்நிற லைக்கனை விரட்டிவிட்டு, வேகமாக வளரும் கறுப்புக் கூட்டத்துக்கு இடம் கொடுத்தால், அதைச் சுத்தம் என்று எப்படிச் சொல்வது?

காவலுக்கு நிற்கும் நுண்ணுயிர்கள்

கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். சீனப் பெருஞ்சுவர் முழுக்கச் செங்கல்லும் கல்லுமாகக் கட்டியது என்று பலர் நினைக்கிறோம். அதன் நீண்ட பகுதிகள் இடித்து இறுக்கிய மண்ணால் ஆனவை. 2023 டிசம்பரில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, அந்த மண்சுவரின் மேல் படர்ந்துள்ள சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் படலத்தை ஆராய்ந்தது. ஆய்வு செய்த பகுதிகளில் 67 விழுக்காட்டில் இந்த உயிர்த்தோல் இருந்தது. அது மூடிய இடத்து மண், வெறுமையாகக் கிடந்த இடத்து மண்ணைவிட உறுதியாக இருந்தது. காற்றிலும் மழையிலும் குறைவாக அரிபட்டது. பாசியைச் சுரண்டி எடுத்திருந்தால் சுவரின் கூரையைப் பிரித்ததற்குச் சமம்.

ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். மிக்சோகாக்கஸ் என்ற மண் பாக்டீரியா, சிதைந்த சுண்ணாம்புக்கல்லின் துளைகளில் புதிய கால்சியம் கார்பனேட்டைப் படியவைத்துக் கல்லை இறுக்குகிறது என்று 2003இல் காட்டினார்கள். பிறகு வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவராமல், கல்லிலேயே ஏற்கெனவே இருப்பவற்றுக்குத் தக்க சத்துக்கரைசலைக் கொடுத்து அதே வேலையைச் செய்யவைத்தார்கள்.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தின் கல்லறைகள் உள்ளன. மைக்கலாஞ்சலோ செதுக்கிய சலவைக்கல் அது. நூற்றாண்டுகளாக ஏறிய பசையும் எண்ணெயும் பிடிவாதமான கறைகளும் எந்த வழக்கமான முறைக்கும் மசியவில்லை. 2020ஐ ஒட்டி, தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களைக் கூழில் கலந்து கறையின் மேல் பூசினார்கள். அவை கறையைத் தின்றன; கல்லைத் தொடவில்லை. ஆக, கல்லைக் காக்கும் படையிலும் நுண்ணுயிர்கள் சேர்ந்துவிட்டன.

நம் வாசலில் என்ன இருக்கிறது?

மலேசியாவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை சர்வசாதாரணம். காற்றில் ஈரம் குறைவதே இல்லை. நுண்ணுயிர்க்கு இதைவிடச் சொகுசான விடுதி கிடையாது. கெடாவில், ஜெராய் மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் புக்கிட் பத்து பஹாட் சண்டி நிற்கிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் கடாரம் என்று தமிழர்கள் பெருமையோடு பேசும் மண் அது. 1960இல் மீட்டெடுத்து அடுக்கிய அந்தக் கருங்கல் அடித்தளத்தில் லைக்கன் வட்டங்களைப் பார்க்கலாம். மலாக்காவில் போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டையின் மிச்சமான வாயில் செம்புரைக்கல்லால் ஆனது. அது தண்ணீர் குடிக்கும் கல் என்று மேலே சொன்னேன்.

இவற்றுக்கு அரசுத் துறைகள் உள்ளன, நிபுணர்கள் உள்ளனர். என் கவலை இவற்றைவிடச் சிறிய, யாருடைய பட்டியலிலும் இல்லாத கற்களைப் பற்றியது. தோட்டத்துக் கோயில்களின் பழைய பலிபீடம். நன்கொடை கொடுத்தவர் பெயர் பொறித்த படிக்கல். ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடக்கும் தமிழ் எழுத்துள்ள கல்லறைக்கல். தமிழ்ப்பள்ளியின் அடிக்கல். நம் முன்னோர் இங்கே வாழ்ந்ததற்கு எழுத்தில் கிடைக்கும் சான்று பல இடங்களில் இவ்வளவுதான். எழுத்தின் ஆழம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். கம்பித் தூரிகை எடுத்துக்கொண்டு போவதும் அந்த இரண்டு மில்லிமீட்டரைத்தான்.

தமிழ்நாட்டில் திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீச்சிக் கோயில் கற்களைச் சுத்தம் செய்ததில், கல்வெட்டு எழுத்துகளும் சிற்ப நுணுக்கங்களும் மங்கிப்போயின என்று தொல்லியல் ஆர்வலர்கள் பலமுறை குரல் எழுப்பியிருக்கிறார்கள். அதே தவற்றை நாம் இங்கே நீர்ப்பீச்சியால் செய்ய வேண்டுமா?

ஒவ்வொரு கருவியும் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெளுப்பான் நுண்ணுயிரைக் கொல்லும். ஆனால் கல்லின் துளைக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும். ஈரம் காயும்போது அந்த உப்பு படிகமாகி விரிந்து கல்லை உள்ளிருந்து உடைக்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் சுண்ணச்சாந்தைக் கரைக்கும். உயர் அழுத்த நீர், கல்லின் மேல்தோலை அரித்து, துளைகளைத் திறந்து, ஈரத்தை உள்ளே செலுத்தும். அடுத்து வரும் நுண்ணுயிர்க்கு முன்பைவிட நல்ல பிடிமானம் கிடைக்கும். பளபளக்கும் எண்ணெய்ப் பெயின்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சில ஆண்டுகளில் கல்தோலையும் சேர்த்துக்கொண்டு உரியும்.

அப்படியானால் அப்படியே விட்டுவிடவா?

நியாயமான கேள்வி. கோயில் என்பது அருங்காட்சியகம் அல்ல. மக்கள் வந்து வழிபடும் இடம். தரையில் பாசி படிந்தால் வழுக்கும், பெரியவர்கள் விழுவார்கள். கோபுரத்தில் அரசங்கன்று முளைத்தால் உடனே எடுக்கத்தான் வேண்டும். கல்லறையில் பெயர் படிக்க முடியாமல் போனால் குடும்பத்தார் மனம் பொறுக்காது. எதையும் தொடாதே என்பது என் வாதம் அல்ல. நுண்ணுயிர்க்கொல்லியே கூடாது என்றும் சொல்லவில்லை. கல்லை அறிந்தவர் பார்த்து, சிறு பரப்பில் சோதித்துப் பயன்படுத்தும் இடங்கள் உண்டு.

இந்தோனேசியாவின் போரோபுதூர் நல்ல முன்மாதிரி. ஏறத்தாழ 1,200 ஆண்டு பழமையான அந்த நினைவுச்சின்னம் பாசியாலும் ஈரத்தாலும் நலிந்துகொண்டிருந்தது. யுனெஸ்கோ உதவியோடு 1983இல் முடிந்த பெரிய சீரமைப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைக் கழற்றி நகர்த்தினார்கள். சிற்பங்களுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டிலிருந்து கசியும் நீரைத் திசைதிருப்ப வடிகால்களும் தடுப்புகளும் அமைத்துவிட்டுக் கற்களை மீண்டும் அடுக்கினார்கள். பாசியைத் தேய்ப்பதோடு நிற்காமல், பாசிக்கு வரும் தண்ணீரை நிறுத்தினார்கள். அண்மை ஆண்டுகளில் கடுமையான வேதிப்பொருளுக்கு மாற்றாகச் செராய் வகை எண்ணெய்களையும் அங்குள்ள காப்பாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாம் தொம்யாமில் போடும் செராயின் உறவுதான்.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். முதலில், எதையும் தொடும் முன் படம் எடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால், மங்கிய எழுத்தும் நிழலில் எழும்பித் தெரியும். எழுத்தைப் படிப்பதற்காகத்தான் தேய்க்க நினைத்தீர்கள் என்றால், பல நேரம் அந்தப் படமே போதும்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். உடைந்த பீலி, அடைத்த வடிகால், கல்லின் மேல் கவிந்த கிளை, சுவரில் சாய்த்துக் கொட்டிய மண். இவற்றைச் சரிசெய்தாலே அடுத்த மழைக்காலத்தில் பாதிக் கறுப்பு குறைய வாய்ப்புண்டு.

கழுவியே ஆக வேண்டுமானால் சுத்தமான தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவு மட்டும் செய்து, சில வாரம் பொறுத்துப் பாருங்கள். தூரிகையில் மணல்போல் துகள் வந்தால், உடனே நிறுத்துங்கள். அது அழுக்கு அல்ல, கல். எழுத்தோ சிற்பமோ இருந்தால் மாநில அருங்காட்சியகத்தையோ தேசிய மரபுடைமைத் துறையையோ கேட்காமல் கை வைக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு பழைய கல்லைத் தேர்ந்தெடுங்கள். கைலென்சு ஒன்று, கைப்பேசி ஒன்று போதும். ஆண்டுக்கு இருமுறை, அதே இடத்திலிருந்து, அதே தொலைவில் மாணவர்கள் படம் எடுக்கட்டும். லைக்கன் வட்டம் எவ்வளவு வளர்ந்தது, கரும்பட்டை நகர்ந்ததா, கல்லில் விரிசல் விழுந்ததா என்று அளந்து எழுதட்டும். லைக்கன் வட்டம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராமல் போகலாம். பரவாயில்லை, அடுத்த வகுப்பு தொடரட்டும். பத்து ஆண்டு கழித்து ஒரு நிபுணர் வந்து கேட்டால், "இந்தக் கல்லைப் பற்றி எங்களிடம் குறிப்பு இருக்கிறது" என்று சொல்லக்கூடிய ஊராக நம் ஊர் இருக்கும்.

அடுத்த கோத்தோங் ரோயோங் கூட்டத்தில் யாராவது, "அந்தப் பழைய கல்லைச் சுத்தம் பண்ணிடலாம்" என்று சொல்வார். அப்போது நீங்கள் கை தூக்குங்கள். "முதலில் வடிகாலைப் பார்ப்போம், படம் எடுப்போம், அதன்பிறகு கல்லைப் பற்றிப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். கூட்டம் கொஞ்சம் முணுமுணுக்கும். கல்லில் இருக்கும் பெயர்கள் தப்பிக்கும்.